சிவப்பணுவின் இரண்டாவது வேலை: சி.ஆர்.1 ஏற்பி ஆய்வில் தமிழ்நாட்டுத் தடம்

சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதைப் பள்ளிப் பாடமே சொல்லிவிடுகிறது. அது சுமக்கும் இன்னொன்றைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஆன்டிஜெனும் அதைப் பற்றிப் பிடித்த எதிர்ப்பொருளும் சேர்ந்து உருவாகும் எதிர்ப்புக் கூட்டுப்பொருளை இரத்தத்தில் ஏற்றிக்கொண்டு, கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்களிடம் ஒப்படைப்பது சிவப்பணுவின் இரண்டாவது வேலை. சில நோயாளிகளிடம் இந்த வேலை தளர்ந்துபோகிறது. அந்தக் குறை பிறப்பிலேயே வந்ததா, நோய் கொண்டுவந்ததா? 1980களில், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூப்பஸ் நோயை முன்வைத்து எழுந்த இந்தக் கேள்வியை, நம் மண்ணின் நோயான காசநோயிடம் கொண்டுவந்து கேட்டது சென்னை. அந்த வரலாற்றுப் பாதையைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டுப்பொருள் தீங்கு செய்யும் என்பது முதலில் சிகிச்சையின் பக்கவிளைவாகத்தான் தெரியவந்தது. தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகளுக்குக் குதிரைச் சீரம் ஊசியாகப் போடப்பட்ட காலம் அது. ஊசி போட்டுச் சில நாட்கள் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி வருவதை வியன்னாவில் பிர்க்கேயும் ஷிக்கும் கவனித்து, 1905இல் ‘சீர நோய்’ என்று விரிவாக எழுதினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, முயலின் தோலில் குதிரைச் சீரத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் அந்த இடம் வீங்கி அழிவதை மோரிஸ் ஆர்த்தஸ் காட்டியிருந்தார். இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே நிகழ்வு. எதிர்ப்பொருளும் ஆன்டிஜெனும் கோத்துக்கொண்டு பெரிதாகி, இரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து, அங்கே அழற்சியை மூட்டுகின்றன.

அப்படியானால் நோய்த்தொற்று வந்துபோகும் ஒவ்வொருவருக்கும் இரத்தக்குழாய்கள் ஏன் கெடவில்லை? இதற்கான விடை நிரப்புப் புரதங்களில் இருந்தது. ஜூல் போர்டே 1890களில் விளக்கிய, 1919ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்கு அவரை உரியவராக்கிய அதே புரதங்கள்தான் இவை. கிருமியை உடைப்பதே இவற்றின் வேலை என்று பல பத்தாண்டுகள் கருதப்பட்டது. 1975இல் மில்லரும் நுசன்ஸ்வைக்கும் வேறொரு குணத்தைக் கண்டார்கள்: ஏற்கெனவே திரண்டு படிந்துவிட்ட கூட்டுப்பொருளையும் நிரப்புப் புரதங்கள் கரைக்கின்றன. சி3பி என்ற துண்டு கூட்டுப்பொருளுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்வதால் ஆன்டிஜெனும் எதிர்ப்பொருளும் மேலும் கோத்துக்கொள்ள முடியாமல் போகிறது. இவற்றில் ஒன்றான சி1க்யூ புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூப்பஸ் வருவது, அழிப்பதைவிடத் துப்புரவு செய்வதில்தான் இந்தப் புரதங்களின் பெரும் பங்கு இருக்கிறது என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது.

கூட்டுப்பொருளைச் சிவப்பணு பற்றிக்கொள்ள உதவும் ஏற்பியின் கதை 1953இல் தொடங்குகிறது. எதிர்ப்பொருளும் நிரப்புப் புரதமும் பூசிய கிருமிகள் மனிதச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்கின்றன என்றும், ஒட்டியவை விரைவாக விழுங்கப்படுகின்றன என்றும் ராபர்ட் நெல்சன் எழுதினார். ஒட்டவைப்பது எது என்று தெரிய மேலும் கால் நூற்றாண்டு ஆனது. சிவப்பணுச் சவ்விலிருந்து டக்ளஸ் ஃபியரன் பிரித்தெடுத்த புரதம், சி3பி துண்டைப் பற்றும் ஏற்பியேதான் என்பது 1980இல் உறுதியானது. அதுவே சி.ஆர்.1.

இங்கே எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். ஒரு சிவப்பணுவில் இந்த ஏற்பிகள் சில நூறுதான். வெள்ளணுவிலோ பல ஆயிரம். ஆனால் வெள்ளணு ஒன்றுக்குச் சிவப்பணு ஏறக்குறைய ஆயிரம் என்ற கணக்கில் இருப்பதால், இரத்த ஓட்டத்திலுள்ள சி.ஆர்.1இன் மிகப் பெரும்பகுதி சிவப்பணுக்களில்தான் இருக்கிறது. ஏற்றுவது மட்டும் இதன் வேலை அல்ல. காரணி ஐ என்ற நொதிக்குத் துணைநின்று சி3பியை வெட்டவும் உதவுகிறது. வெட்டுப்பட்ட துண்டைச் சிவப்பணு இறுகப் பிடிப்பதில்லை. விழுங்கணுவின் வேறு ஏற்பிகள் பிடித்துக்கொள்கின்றன. ஏற்றுமிடத்தில் பற்றவும் இறக்குமிடத்தில் விடவும் ஒரே மூலக்கூறு வழிசெய்யும் இந்த அமைப்பு எனக்குத் தீராத வியப்பு. 1983இல் பபூன் குரங்குகளில் கார்னகாஃப் குழு இதை நேரில் காட்டியது: கூட்டுப்பொருள் கல்லீரலில் கழற்றப்பட்டது, சிவப்பணு சேதமின்றி ஓட்டத்துக்குத் திரும்பியது.

லூப்பஸ் நோயாளிகளின் சிவப்பணுக்களில் இந்த ஏற்பி குறைவு என்று 1981இல் ஜப்பானின் மியாகாவா குழு அறிவித்தது. அடுத்த ஆண்டே, அது பரம்பரையாக வரும் குறை என்று ஃபியரனும் அவருடைய சகாக்களும் வாதிட்டார்கள். 1985இல் வால்போர்ட் குழு குடும்பங்களை ஆராய்ந்து, இல்லை, அது நோயால் வருவது என்றது. 1987இல் அக்குழு தந்த சான்றுதான் என் பார்வையில் மிக வலியது. லூப்பஸ் நோயாளிகளுக்கு ஏற்றப்பட்ட பிறருடைய சிவப்பணுக்கள்கூட அவர்கள் உடலுக்குள் சி.ஆர்.1ஐ இழந்தன. அந்த அணுக்களை உண்டாக்கிய மரபணு நோயாளியுடையது அல்ல. ஆகவே இழப்பு நிகழ்ந்தது நோயாளியின் இரத்த ஓட்டத்தில்.

தமிழ்நாட்டு மருத்துவர்களுக்குக் கூட்டுப்பொருள் நோய் பரிச்சயமானது தொழுநோயின் வழியே. சிகிச்சையில் இருக்கும் நோயாளிக்குத் திடீரெனக் காய்ச்சலும் வலிமிகுந்த சிவந்த முடிச்சுகளும் வரும் இரண்டாம் வகை எதிர்வினை, ஆர்த்தஸ் காட்டிய நிகழ்வின் வடிவமே என்று 1969இல் வெமாம்பு, டர்க் முதலியோர் எழுதினார்கள். இத்தகைய எதிர்வினைகளுக்குத் தாலிடோமைடு பயன்படுமா என்று உலகச் சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த சோதனையின் முடிவு 1971இல் வந்தபோது, எழுதியவர்களில் செங்கல்பட்டு மத்தியத் தொழுநோய் நிறுவனத்தின் சி.ஜி.எஸ். ஐயரும் கே. ராமானுஜமும் இருந்தார்கள். பின்னர் ஆக்ராவின் ஜால்மா தொழுநோய் நிறுவனத்தில் வி.டி. ராமநாதன், சென்குப்தா, ஜி. ராமு ஆகியோர் தொழுநோயாளிகளின் கூட்டுப்பொருள் அளவையும் அதைக் கரைக்கும் திறனையும் தொடர்ந்து அளந்து 1991இல் வெளியிட்டார்கள்.

அதே ராமநாதன் சென்னையின் காசநோய் ஆராய்ச்சி மையத்தில், ஏற்பிக் குறை பிறப்பிலேயே வந்ததா நோயால் வந்ததா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். 1956இல் தொடங்கி, மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டிலிருந்தபடியே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டிய மையம் அது. செண்பகவல்லி, கீதா முதலியோருடன் சேர்ந்து அவர் கண்ட முடிவு: நுரையீரல் காசநோயாளிகளின் சிவப்பணுக்களில் சி.ஆர்.1 குறைந்திருக்கிறது, அது நோயால் வந்த குறை. 2012இல் இன்னொரு படி. நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த கூட்டுப்பொருள், நலமானவர்களின் வெள்ளணுக்களது தூண்டலையும் செயலையும் மாற்றுகிறது என்று இந்த ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நீக்கப்படாமல் தங்கும் கூட்டுப்பொருள் வெறும் கழிவு அல்ல, நோயின் போக்கில் அதற்கும் கை உண்டு என்பதே இதன் பொருள்.

குறை நோயால் வந்தது என்ற முடிவைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். வழக்கமான காசநோய்ச் சிகிச்சை 6 மாதம். ஆகவே சிகிச்சை முடியும்போது நோயாளியின் உடலில் ஓடுவது ஏறக்குறைய முழுவதும் புதிய சிவப்பணுக்கள். குறை மரபுவழி வந்ததென்றால் புதியவற்றிலும் ஏற்பி குறைவாகவே இருக்க வேண்டும். நோயால் வந்ததென்றால் நிறைந்திருக்க வேண்டும். இதை அறியப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. சேத்தியாத்தோப்பு போன்ற சிறிய ஊரில்கூட, மாத்திரை தொடங்கும் நாளிலும் முடிக்கும் நாளிலும் நோயாளியிடம் சிறிதளவு இரத்தமும், ஒப்பிட்டுப் பார்க்க அதே வீட்டில் வாழும் உறவினரின் இரத்தமும் எடுத்தால் போதும். சிதம்பரமோ புதுச்சேரியோ எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. ஓட்ட அணு அளவி உள்ள ஓர் ஆய்வகத்தில் அந்த ஏற்பிகளை எண்ணிவிடலாம்.