கூட்டுத்தொகையே விளம்பரம்: 'கேஜிஎஃப்' டீசரும் டிரெய்லரும் பரவிய விதம் குறித்து

இணையத்தில் ஒரு வணிக விளம்பரம் ஏன் பரவுகிறது என்ற கேள்விக்கு ஆய்வுலகில் ஒரு விடை ஏறத்தாழ நிலைத்துவிட்டது. பார்ப்பவரை உலுக்கும் உணர்ச்சி இருந்தால் பகிர்வார்கள், இல்லாவிட்டால் கடந்துபோவார்கள் என்பதே அது. 'கேஜிஎஃப்: சாப்டர் 2' படத்தின் இணைய விளம்பரத்தைப் பேச வந்தவர்களும் இதையே எடுத்தாள்கிறார்கள். தாய்க்குக் கொடுத்த வாக்கும், அடிமைப்பட்ட சுரங்கத் தொழிலாளிகளும், அடங்காத நாயகனும் மக்களைத் தொட்டார்கள், அதனால் பகிர்ந்தார்கள் என்கிறார்கள். இதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் 2021 ஜனவரியில் வந்த டீசரையும் 2022 மார்ச்சில் வந்த டிரெய்லரையும் ஒரே விளக்கத்தில் அடக்கும்போது, இடையில் நடந்த முக்கியமான மாற்றம் ஒன்று கண்ணில் படாமல் போகிறது. காட்சிகளைவிட எண்களைப் பார்த்தால்தான் அது தெரியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் டீசர். நாயகனாக நடித்த யஷ்ஷின் பிறந்தநாளான ஜனவரி 8 அன்று வெளியாகும் என்று அறிவித்திருந்தார்கள். முன்கூட்டியே கசிந்துவிட்டதால் 7ஆம் தேதி இரவே தயாரிப்பு நிறுவனமான ஹொம்பாளே ஃபிலிம்ஸ் தன் யூடியூப் சேனலில் ஏற்றியது. ஏறத்தாழ இரண்டு நாளில் பார்வைக் கணக்கு 10 கோடியைத் தொட்டது. படம் ஐந்து மொழிகளில் வரவிருந்தாலும் டீசர் ஒன்றுதான். கன்னடக்காரரும் தமிழரும் இந்திக்காரரும் ஒரே சுட்டியைத்தான் சொடுக்க வேண்டியிருந்தது. மொழிக்கு ஒன்றாக ஏற்றியிருந்தால் ஐந்தாகச் சிதறியிருக்கக்கூடிய கணக்கு ஒரே பக்கத்தில் குவிந்தது. உணர்ச்சியை முன்வைக்கும் விளக்கம் இந்த ஏற்பாட்டைத் தற்செயல்போலக் கடந்துவிடுகிறது.

அந்த டீசரில் அதிகம் வெட்டி ஒட்டிப் பரப்பப்பட்ட காட்சி எது என்று கேட்டால், பார்த்தவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள். சுட்டுத் தீர்த்த இயந்திரத் துப்பாக்கியின் குழல் பழுக்கக் காய்ந்து சிவந்திருக்கும். நாயகன் குனிந்து அந்தக் குழலில் சிகரெட்டைப் பற்றவைப்பான். வசனமே வேண்டாத காட்சி. தாயும் தெரியவில்லை, தொழிலாளியும் தெரியவில்லை. கர்நாடகச் சுகாதாரத் துறையின் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவு இதற்காக நடிகருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்தச் செய்தியைப் போட்ட ஊடகங்கள் அதே படத்தைத்தான் மறுபடி போட்டன. தடுக்க எழுந்த குரலே காட்சியை இன்னொரு சுற்று கொண்டுபோனது. ஆக, காட்சி பரவியது உண்மை. ஆனால் பரவியது கதையின் உணர்ச்சி என்று சொல்ல இந்தக் காட்சி இடம் தரவில்லை.

பரவலுக்குக் கசிவுதான் காரணம் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. அதற்கு நம்மிடம் பழைய சான்று ஒன்று உண்டு. '3' என்ற தமிழ்ப் படத்தின் 'ஒய் திஸ் கொலவெறி டி' பாட்டும் கசிந்த பிறகுதான் 2011 நவம்பர் 16 அன்று முறைப்படி யூடியூபுக்கு வந்தது. தனுஷும் அனிருத்தும் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிற்கும் எளிய வீடியோதான். உலகம் முழுக்கப் போனது. 2012 மார்ச் 30 அன்று வெளியான படமோ பாட்டின் பரவலுக்கு ஈடான வசூலைக் காணவில்லை. 'கேஜிஎஃப் 2' 2022 ஏப்ரல் 14 அன்று வெளியாகி 1,200 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியதாகச் சொல்லப்பட்டது. இரண்டிலும் கசிவு உண்டு, இரண்டிலும் பரவல் உண்டு. வணிகப் பலன் மட்டும் எதிரெதிர்த் திசையில் போயிற்று. முதல் பாகத்தின் வெற்றி இரண்டாவதற்குத் துணை நின்றது என்பதை மறுக்கவில்லை. கசிவை வைத்து எதையும் விளக்கிவிட முடியாது என்பதற்கு இந்த ஒப்பீடு போதும்.

இப்போது, என் பார்வையில் மிக முக்கியமான, சரியாக வாசிக்கப்படாத மூலத்துக்கு வருகிறேன். 2022 மார்ச் 27 அன்று டிரெய்லர் வெளியானது. இம்முறை மொழிக்கு ஒன்றாக ஐந்து வீடியோக்கள், வெவ்வேறு நிறுவனங்களின் சேனல்களில். மறுநாள் தயாரிப்புத் தரப்பு ஒரு போஸ்டரில் அறிவித்தது: 24 மணி நேரத்தில் 10 கோடிக்கு மேல் பார்வைகள். கூடவே மொழிவாரிப் பகுப்பும் வந்தது. ஏறக்குறைய பாதி இந்திக்கு. தமிழுக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம். இதைப் பேசியவர்கள் பலரும் 2021இன் 10 கோடியையும் 2022இன் 10 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேகம் கூடியதற்குச் சான்றாகக் காட்டினார்கள். எனக்கு அது தவறான வாசிப்பாகவே படுகிறது.

2021இன் எண் யூடியூப் பக்கத்தில் வீடியோவுக்குக் கீழேயே இருந்தது. யாரும் போய்ச் சரிபார்க்கலாம். 2022இன் மொத்தம் யூடியூபின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஐந்து பக்கங்களில் ஐந்து எண்கள் இருந்தன. அவற்றைக் கூட்டிய தொகை போஸ்டரில் மட்டுமே இருந்தது. அதைக் கூட்டியவர் விளம்பரதாரர். அப்படிக் கூட்டியதையே ரசிகர்கள் பகிர்ந்தார்கள், செய்தித்தாள்கள் தலைப்பாக்கின. டிரெய்லரைப் பற்றிய எண் டிரெய்லரோடு சேர்ந்தே ஒரு விளம்பரப் பொருளாக ஊர் சுற்றியது. டிரெய்லரைப் பார்க்காதவர்கூட அந்த எண்ணைப் பகிர முடிந்தது. என் கணிப்பில் இதுவே அந்தப் பிரச்சாரத்தின் மையமான உள்ளடக்கம்.

கூட்டலில் ஒரு சிக்கலும் உண்டு. படத் தலைப்பின் 'கேஜிஎஃப்' குறிக்கும் ஊரான கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், அக்கம்பக்கத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவர். தன் ஊர்ப் பெயரில் வந்த டிரெய்லரை மூன்று மொழியிலும் பார்க்க அவருக்கு எல்லாக் காரணமும் உண்டு. அப்படிப் பார்த்திருந்தால், ஐந்து மொழிக் கூட்டலில் அவர் மூன்று பேர். இப்படி எத்தனை பேர் என்று வெளியிலிருந்து கணக்கிட வழியில்லை. பார்வை என்பது ஆள் அல்ல என்பதை மறந்து செய்த கூட்டல் இது என்பதைச் சொல்ல அந்தக் கணக்குத் தேவையும் இல்லை.

விளம்பரமாக ஓடவிட்ட வீடியோக்களின் பார்வையும் இதில் சேருமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2019 ஜூலையில் ராப் பாடகர் பாட்ஷாவின் 'பாகல்' பாடல் 24 மணி நேரச் சாதனையை முறியடித்ததாகச் சொல்லப்பட்டபோது, காசு கொடுத்து ஓட்டிய விளம்பரங்களால் அது வந்தது என்ற சர்ச்சை கிளம்பியது. அதே ஆண்டு செப்டம்பரில், இசை வீடியோக்களின் முதல்நாள் சாதனைக் கணக்கில் விளம்பரப் பார்வைகளைச் சேர்ப்பதில்லை என்று யூடியூப் முடிவெடுத்தது. அந்த விதி சாதனைப் பட்டியலுக்கு மட்டுமே; வீடியோவுக்குக் கீழே தெரியும் எண் பழையபடியே தொடர்ந்தது. போஸ்டரில் ஏறுவது கீழே தெரியும் எண்தான். இதனால் என் வாதம் வலுவடைகிறதே தவிரத் தளரவில்லை. போலிக் கணக்குகள் பார்த்தன, ரோபோக்கள் பார்த்தன என்ற பேச்சுக்கு இங்கே இடம் ஒதுக்க அவசியமில்லை. எண் எப்படி வந்தது என்பதைவிட, வந்த எண்ணை வைத்து என்ன செய்தார்கள் என்பதே நம் கேள்வி.

எண்ணே விளம்பரமாவது கோலார் தங்கவயலுக்குப் புதிதல்ல என்பதைத் திரைப்பட ஆய்வாளர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வகித்த காலத்தில், மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்கம் சுரங்கங்களிலிருந்து மாதந்தோறும் எத்தனை அவுன்ஸ் தங்கம் எடுக்கப்பட்டது என்ற கணக்கு லண்டன் செய்தித்தாள்களில் வந்தது. 1905இல் ஆண்டு மொத்தம் 6 லட்சம் அவுன்சைத் தாண்டியது. பங்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுரங்கப் பகுதியான மாரிக்குப்பத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தங்கவயல் என்பதே அந்த மாதக் கணக்குதான். கீழே எத்தனை ஆயிரம் அடியில், எந்த வெப்பத்தில், யார் வெட்டினார்கள் என்பது அந்த எண்ணில் ஏறவில்லை. படத் தயாரிப்பாளர்கள் இதைப் பார்த்துக் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்ல ஆதாரமும் இல்லை. ஆனால் தொலைவிலிருக்கும் முதலீட்டாளரையும் தொலைவிலிருக்கும் ரசிகரையும் ஒரே உத்தி எட்டுகிறது: பலவற்றைக் கூட்டி ஒன்றாக்கிய, தவறாத இடைவெளியில் வரும் எண்.

சிறு வணிகர்களுக்கு இந்தப் படத்தை முன்மாதிரியாகக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் ரீல்ஸ் போடலாம். பின்னணியில் இதே படத்தின் இசையையும் போடலாம். ஐந்து சேனல்களையும், அவற்றின் கணக்கைக் கூட்டித் தலைப்பாக்கும் ஊடகங்களையும் அவர் எங்கே போய்த் தேடுவார்? உணர்ச்சியைத் தூண்டு, தானாகப் பரவும் என்ற அறிவுரை, பெரிய நிறுவனத்தின் ஏற்பாட்டை மறைத்துச் சிறியவரின் தோல்வியை அவர் திறமைக்குறைவாகக் காட்டிவிடுகிறது.

தங்கவயல் மக்களின் தரப்பிலும் ஒரு பரவல் நடந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு வேலைக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் தலைமுறை, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் நின்று 'உண்மையான கேஜிஎஃப்' என்ற தலைப்பில் வீடியோக்கள் எடுத்தது. அதே மேட்டில் 'கேஜிஎஃப் 2' படப்பிடிப்பு நடத்துவதற்கு, சுற்றுச்சூழல் பாதிப்பைக் காரணம் காட்டித் தொடுத்த வழக்கில், 2019 ஆகஸ்டில் உள்ளூர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. ஊர்க்காரர்கள் எடுத்த வீடியோக்களோ படத்துக்கு இலவச விளம்பரமாயின. அவற்றின் பார்வை எந்தப் போஸ்டரின் கூட்டலிலும் சேரவில்லை. யூடியூபின் உரிமைக் கண்டறிதல் முறைப்படி, படத்தின் பின்னணி இசை ஒலித்தால் அந்த வீடியோவின் விளம்பர வருமானத்தை இசை உரிமையாளர் தனக்குத் திருப்பிக்கொள்ள முடியும். பகிர்ந்தவர்கள் யார், ஏன் பகிர்ந்தார்கள் என்று கேட்கும் ஆய்வுகள், பகிர்ந்ததால் வந்த காசு யாரிடம் போனது என்பதை இந்த வீடியோக்களிலிருந்து தொடங்கித் தேட வேண்டும்.