பனிக்கட்டியில் கட்ட நினைத்த கப்பல்

1942-ல் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே விமானம் எட்டாத ஒரு பரப்பு இருந்தது. கனடாவிலிருந்தோ ஐஸ்லாந்திலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ கிளம்பும் ரோந்து விமானங்கள் எரிபொருளுக்குப் பயந்து அதற்கு முன்பே திரும்பிவிடும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் அங்கேதான் காத்துக் கிடந்தன. உணவும் எண்ணெயும் ஏற்றிவந்த சரக்குக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. செத்த மாலுமிகளில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்திருந்த இந்தியர்களும் இருந்தார்கள். நடுக்கடலில் ஒரு விமான ஓடுதளம் இருந்தால் இதை நிறுத்திவிடலாம். ஆனால் விமானந்தாங்கிக் கப்பல் கட்ட எஃகு வேண்டும். எஃகு தட்டுப்பாடாக இருந்தது.

இதற்கு விடை சொன்னவர் ஜெஃப்ரி பைக். அவர் பொறியாளரும் அல்ல, கடற்படைக்காரரும் அல்ல. முதல் உலகப்போர் தொடங்கியதும் பொய்யான பாஸ்போர்ட்டுடன் பெர்லினுக்குள் நுழைந்து செய்தி அனுப்பப் போனவர். பிடிபட்டு ரூலேபென் முகாமில் அடைக்கப்பட்டு, 1915-ல் அங்கிருந்து தப்பி ஊர் வந்து சேர்ந்தார். பின்னாளில் கேம்பிரிட்ஜில் குழந்தைகள் தம் இஷ்டப்படி கற்கும் ஒரு பள்ளியை நடத்தினார். இரண்டாம் உலகப்போரில் மவுன்ட்பேட்டன் அவரைத் தன் கூட்டு நடவடிக்கைத் தலைமையகத்தில் சேர்த்துக்கொண்டார். நமக்குக் கடைசி வைஸ்ராயாகத் தெரிந்த அதே மவுன்ட்பேட்டன்தான்.

1942-ல் அமெரிக்காவில் இருந்தபோது பைக் இருநூறு பக்கங்களைத் தாண்டிய ஒரு திட்டத்தை எழுதி மவுன்ட்பேட்டனுக்கு அனுப்பினார். பனிக்கட்டியால் கப்பல் கட்டலாம் என்பதுதான் அதன் சாரம். கடலில் தானாக மிதந்து வரும் பனிப்பாறை உதவாது: அதன் பெரும்பகுதி நீருக்கடியில் இருக்கும், மேலே தெரிவதில் ஓடுதளம் அமையாது, போதாததற்கு எப்போது வேண்டுமானாலும் புரளும். ஆகவே பனிக்கட்டியை நாமே உறைய வைத்து, வேண்டிய வடிவில் கட்ட வேண்டும். குண்டு விழுந்து பள்ளமானால் தண்ணீரை ஊற்றி உறைய வைத்து அடைத்துவிடலாம். பைபிளில் வரும் ஆபகூக் என்ற தீர்க்கதரிசியின் பெயரைத் திட்டத்துக்கு வைத்தார். சொன்னாலும் நீங்கள் நம்ப மாட்டாத ஒரு செயல் நடக்கப்போகிறது என்று முன்னறிவித்தவர் அவர். 1942 டிசம்பரில் சர்ச்சில் ஒப்புதல் தந்தார்.

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறவர் மாக்ஸ் பெருட்ஸ். எனக்கு இந்தக் கதையில் மிகவும் நெருக்கமான மனிதர் அவர்தான். வியன்னாவில் பிறந்தவர், யூதப் பின்புலம் கொண்டவர், கேம்பிரிட்ஜில் புரதங்களின் அமைப்பை ஆராய வந்தவர். 1938-ல் சுவிஸ் ஆல்ப்ஸ் மலையில் பனியாற்றுப் படிகங்களையும் ஆராய்ந்திருந்தார். 1940-ல் பிரிட்டிஷ் அரசு அவரை ‘எதிரி நாட்டவர்’ என்று கைது செய்து, கப்பலேற்றிக் கனடாவில் ஒரு முகாமில் அடைத்தது. ஹிட்லரால் ஊர் திரும்ப முடியாமல் போனவரை ஹிட்லரின் ஆள் என்று சந்தேகிப்பது எவ்வளவு கொடுமை! அடுத்த ஆண்டு விடுதலையாகித் திரும்பினார். அவருடைய பனி அறிவு அதே அரசுக்கு இப்போது தேவைப்பட்டது.

லண்டனில் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்கு அடியில், நிலத்துக்குக் கீழே ஐந்து தளம் ஆழத்தில், ஒரு குளிர்பதன அறை அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. உறைந்து தொங்கிய இறைச்சி உடல்கள்தான் மறைப்புத் திரை. உள்ளே மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட உடைகளை மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். வெறும் பனிக்கட்டி அவர்களைக் கைவிட்டது. ஒரு துண்டு எவ்வளவு எடை தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்காவது ஒரு விரிசல் விழுந்தால் முழுதும் நொறுங்கிற்று.

தீர்வு அமெரிக்காவிலிருந்து வந்தது. புரூக்ளினில் இருந்த ஹெர்மன் மார்க், வியன்னாவில் பெருட்ஸின் ஆசிரியராக இருந்தவர், அவரும் நாடுவிட்டு வந்தவர். அவரும் அவருடைய உதவியாளரும் தண்ணீரில் மரக்கூழைக் கலந்து உறைய வைத்தார்கள். எடையில் சுமார் 14 சதவீதம் மரக்கூழ், மீதி தண்ணீர். வைக்கோல் கலந்த மண்சுவர் பிளக்காமல் நிற்பதுபோல, அந்த நார்கள் விரிசலை ஓட விடாமல் பிடித்து நிறுத்தின. துப்பாக்கியால் சுட்டால் வெறும் பனிக்கட்டி சிதறியது. இதில் ஒரு சின்னக் குழி மட்டும் விழுந்தது. உருகும்போது வெளிப்புறத்தில் ஈரக்கூழ் ஒரு போர்வையாகப் படிந்து உள்ளே வெப்பம் போகாமல் தடுத்தது. பைக்கின் நினைவாக அதற்குப் பைக்ரீட் என்று பெயரிட்டார்கள்.

கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்து ஜாஸ்பர் அருகில் இருக்கும் பட்ரிஷியா ஏரியில், 1943-ன் தொடக்கத்தில் ஒரு மாதிரிக் கலத்தைக் கட்டினார்கள். நீளம் 60 அடி, அகலம் 30 அடி, எடை ஏறத்தாழ 1,000 டன். ஒரு குதிரைத்திறன் மோட்டார் அதன் குளிரைக் காத்தது. கோடை வந்தும் கலம் மிதந்தது. அதைக் கட்டியவர்களில் மத நம்பிக்கையால் ஆயுதம் ஏந்த மறுத்து, மாற்று வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் இருந்தார்கள். தாங்கள் கட்டுவது போருக்கான கப்பலின் மாதிரி என்று அவர்களிடம் சொல்லவில்லை. போரைத் தொட மாட்டேன் என்று நின்ற கைகளை அறியாமலே போருக்குப் பயன்படுத்தியது பெரிய அநியாயம். இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

1943 ஆகஸ்டில் கியூபெக்கில் நடந்த நேசநாடுகளின் மாநாட்டில் மவுன்ட்பேட்டன் தளபதிகள் முன்னால் இரண்டு கட்டிகளை வைத்துத் துப்பாக்கியால் சுட்டுக் காட்டினார். பனிக்கட்டி தூளானது. பைக்ரீட்டில் பட்ட குண்டு திரும்பித் தெறித்து, நின்றிருந்தவர்களின் கால்களுக்கிடையே பறந்தது. பிரிட்டிஷ் தளபதி ஆலன் புரூக் இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

காகிதத்தில் கப்பல் வளர்ந்துகொண்டே போனது: 2,000 அடி நீளம், 20 லட்சம் டன்னுக்கு மேல் எடை, 40 அடி தடிமன் சுவர், 26 மின்மோட்டார்கள். கூடவே பெருட்ஸுக்கு நன்கு தெரிந்த ஒரு பிரச்சினையும் வளர்ந்தது. பனி திடப்பொருள்போலத் தெரிந்தாலும் பாரம் இருந்தால் மெல்ல மெல்ல வழியும். பனியாறுகள் மலையிறங்குவது அதனால்தான். மரக்கூழ் விரிசலைத் தடுத்தது, இந்த வழிதலைத் தடுக்கவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 15 டிகிரியில் வைக்காவிட்டால் கப்பல் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். அப்படியானால் உடல் முழுக்கக் குளிர்க்குழாய்கள், வெளியே வெப்பம் புகாத உறை, குளிரூட்டும் ஆலை. அமெரிக்கக் கடற்படை கணக்குப் போட்டுப் பார்த்ததைப் பெருட்ஸ் பின்னர் எழுதினார்: இவ்வளவு பைக்ரீட்டை உறைய வைக்கும் ஆலைக்கான எஃகு, அந்தக் கப்பலையே எஃகில் கட்டத் தேவையானதைவிட அதிகம்.

எஃகு இல்லை என்பதற்காகப் பிறந்த யோசனை எஃகு கேட்டபோது அதன் காரணமே போய்விட்டது. அதற்குள் கடலிலும் நிலைமை மாறியிருந்தது. நெடுந்தூரம் பறக்கும் லிபரேட்டர் விமானங்கள் வந்தன, சிறிய விமானந்தாங்கிகள் பெருகின, அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகளில் தளம் அமைக்கப் போர்ச்சுகல் சம்மதித்தது. 1944 பிறப்பதற்குள் திட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தப் பொருள் தான் வாக்களித்ததைச் செய்தது; ஆய்வில் கண்ட குறையை மறைக்காமல் கணக்கில் சேர்த்ததால்தான் கப்பல் திட்டம் கைவிடப்பட்டது.

பைக் போருக்குப் பிறகும் யோசனைகளை விடவில்லை. மரண தண்டனைக்கு எதிராகவும் எழுதினார், செவிலியர் பற்றாக்குறையையும் ஆராய்ந்தார். 1948 பிப்ரவரியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

பெருட்ஸ் புரதங்களுக்குத் திரும்பினார். 1962-ல் ஹீமோகுளோபினின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் பனியையும் அவர் விட்டுவிடவில்லை. பனியாற்றின் அடிப்பகுதிதான் வேகமாக நகர்கிறது என்று அப்போது சிலர் நம்பினார்கள். 1948-ல் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ் பகுதியில், தோழர்களோடு பனியாற்றுக்குள் செங்குத்தாக ஓர் எஃகுக் குழாயை இறக்கி, அது காலப்போக்கில் எப்படி வளைகிறது என்று அளந்தார். மேற்பரப்பே அடியைவிட வேகமாக நகர்கிறது என்று குழாய் காட்டியது.