விட்டுக்கொடுக்கும் இயந்திரம்

தொண்டாமுத்தூரில் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் உறவினர் ஒருவருக்குப் பக்கவாதம். பார்க்கப் போயிருந்தேன். வலது கை மடியில் சும்மா கிடந்தது. அவர் மனைவி அதைத் தூக்கித் தூக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

‘‘ஏனுங்ம்மா... நீங்களே தூக்குனா மூளை எப்படிங் கத்துக்கும்? ஐயாவத் தூக்கச் சொல்லோணுங்!’’ என்றார், பிசியோதெரபி செய்யவந்த பெண்.

இந்த ஒரு விஷயம் இயந்திரங்களுக்கு உறைக்க நூற்றுச்சொச்சம் வருஷமாயிற்று!

1865. ஸ்வீடன் டாக்டர் குஸ்தாவ் ஸாண்டர், ஸ்டாக்ஹோமில் இயந்திரங்களால் உடற்பயிற்சி தரும் சிகிச்சைக்கூடம் திறந்தார். அதில் சில இயந்திரங்களை நீராவி ஓட்டியது. உட்கார்ந்தால் போதும், அதுவே கைகாலை அசைத்துவிடும். சொகுசுதான். ஆனால், பக்கவாதத்தில் கெடுவது கை அல்ல. கைக்கு உத்தரவு போடும் மூளைப் பகுதி. அந்த வேலையை மிச்சமுள்ள மூளை கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு நோயாளி முயன்றாக வேண்டும்.

1989-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் நெவில் ஹோகனும் ஹெர்மானோ கிரெப்ஸும் ‘மானுஸ்’ ரோபோவை உருவாக்க ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை ரோபோ முரட்டு ஆசாமி. குறுக்கே கை வந்தாலும் தள்ளிக்கொண்டு போகும். மானுஸ் அப்படியல்ல. நோயாளி அசைத்தால் விட்டுக்கொடுக்கும்; திணறினால் மட்டும் லேசாகத் தள்ளும். 1994-ல் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது.

நம் ஊர்க் கதை வேலூரில். 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஆபரேஷன் செய்தார். 1966-ல் சி.எம்.சி-யின் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானவர் அவர். அதே சி.எம்.சி-யும் சென்னை ஐ.ஐ.டி-யும் கைகோத்து ‘புளூட்டோ’வை வடிவமைத்தன. ஒரே மோட்டார், முனையை மட்டும் மாற்றி மாற்றி மாட்டலாம், மிக்ஸி ஜார் மாதிரி! ஒரு முனை மணிக்கட்டுக்கு, ஒன்று முன்கையைத் திருப்ப, இன்னொன்று விரல்களை விரித்து மூட.

ரோபோ வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. பிரிட்டனில் மானுஸை வைத்து 770 பேரிடம் ஆராய்ந்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையைவிட, கையின் பயன்பாட்டை அது பெரிதாக உயர்த்திவிடவில்லை! பிறகு எதற்கு ரோபோ? ஒரே அசைவை நூறு தடவை சலிக்காமல் செய்யவைக்கும். தினமும் பிசியோதெரபிஸ்ட் வரமுடியாத ஊர்களில், விலை கட்டுப்படியானால், அதுவே பெரிய விஷயம்.

கிளம்பும்போது பார்த்தேன். மேஜைமேல் ஒரு கொட்டைப்பாக்கு. உறவினரின் கை அதை நோக்கி அரை அங்குலம் நகர்ந்து நடுங்கியது. உதவ நீண்ட தன் கையை, அவர் மனைவி மெள்ள இழுத்துக்கொண்டார்.