மட்டக்களப்பு வீடும் வளவும்

ஒரு குடும்பத்துக்கு வீட்டுப்படம் வரையப் புகும் கட்டடக் கலைஞர், அவ்வீட்டில் எத்தனை பேர் வாழப்போகின்றனர் என்று முதலிற் கேட்பது வழக்கம். மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களிலோ, அதற்கு முன்பாகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள்?

வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலத்தை எழுவான்கரை என்பர். வாவிக்கு மேற்கே நெல்வயல்கள் பரந்து கிடக்கும் பகுதி படுவான்கரை. வயல் அக்கரையில் இருப்பினும், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு முதலிய பேரூர்கள் இக்கரையிலேயே நெருங்கி வளர்ந்தன. ஆகவே வீட்டு நிலம் இங்கு என்றும் அருமையான பொருளாகவே இருந்துவந்தது. அந்நிலம் யாருக்கு உரியது என்பதைத் தாய்வழிக் குடி முறை வகுத்தது. பழைய முக்குவர் வழமையின்படி ஒருவனுடைய முதுசச் சொத்து அவன் பிள்ளைகளுக்கன்றிச் சகோதரியின் பிள்ளைகளுக்கே சென்றது. இவ்வழமையைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1876இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் அவ்வழமை நீதிமன்றத்தில் வலுவிழந்தது. நூல் வந்த ஆண்டே சட்டம் போயிற்று எனலாம்.

ஆயினும் வழமை முற்றாக மறைந்துவிடவில்லை. சீதன உறுதியினுள் புகுந்துகொண்டது. வீடும் வளவும் மகளுக்கு எழுதப்படும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். தமிழரும் முஸ்லிம்களும் இதில் ஒரே வழியினர். மூத்த மகளுக்கு மணமானதும் பெற்றோர் சிலகாலம் அவளோடு இருப்பர். பின்னர் அதே வளவிலோ அயல் வளவிலோ வேறொரு வீட்டை எழுப்பி, இளைய மகளிரோடு அங்கே குடிபுகுவர். அவ்வீடு அடுத்த மகளுக்குரியது. முதுமையில் அவர்கள் தங்குவது பெரும்பாலும் கடைசி மகளின் வீட்டில்.

இதனை அறிந்தவர்க்கே பழைய வீட்டின் அமைப்பு விளங்கும். முன்புறத்து விறாந்தை வெளியாரை வரவேற்கும் இடம். ஆடவர் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உள்ளறை பெண்களுக்கும் பெட்டகத்துக்கும் நெல் மூட்டைகளுக்கும் உரியது. குசினி பின்னால் தனியே கிடுகுக் கூரையின் கீழ் நிற்கும். புகையையும் தீயையும் அஞ்சி அவ்வாறு அமைத்தனர் என்பது உண்மையே. மருமகன் வந்த வீட்டில் மாமியாரும் மகளும் தடையின்றிப் புழங்குவதற்கும் அப்பின்வளவே உதவிற்று. அக்காள் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் இடையில் வேலியிருந்தால் அதில் ஒரு கடப்பும் இருக்கும். குழந்தைகளும் கறிச்சட்டியும் அவ்வழியே போய்வரும்.

மலையாள நாட்டு நாயர் தரவாடும் தாய்வழியைச் சார்ந்ததே. ஆனால் நாலுகெட்டில் சகோதரிகள் ஒரே முற்றத்தைச் சூழ்ந்து ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். மட்டக்களப்பில் ஒவ்வொரு மகளுக்கும் தனிக்கூரை வேண்டும். ஆதலால் இங்கு சிக்கனம் வீட்டுக்குள் அன்று, வளவிலேயே பார்க்கப்பட்டது. முதல் வீட்டை வளவின் நடுவில் கட்டிவிட்டால் இரண்டாம் மகளுக்கு இடமேது? காத்தான்குடியில் நிலம் முற்றாக நெருக்குண்டபோது மேல்மாடி எழுந்தது. கீழ்வீடு ஒரு மகளுக்கு, மேல்வீடு மற்றவளுக்கு.

1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி ஓலை வீடுகளையும் தென்னைகளையும் வீழ்த்தியது. அதன்பின் சீமெந்துக் கல்வீட்டின்மேல் நாட்டம் மிகுந்தது. அதனினும் பெரிய மாற்றத்தை 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் கொண்டுவந்தது. நாவலடி போன்ற கரையோர ஊர்கள் அழிந்தன. உயிர்தப்பியோர் பலர் திராய்மடு முதலிய புதிய குடியிருப்புகளுக்குச் சென்றனர். உதவி நிறுவனங்கள் குறைந்தது 500 சதுர அடி என்ற அளவில் வீடு கட்டித்தந்தன. அறைகள் இருந்தன, குசினியும் உள்ளேயே இருந்தது. மற்றொரு வீட்டுக்கு மட்டும் வளவில் இடமில்லை.

அளவுக் குறையைவிடப் பத்திரக் குறையே பெரிது. ‘குடும்பத் தலைவர்’ என்ற சொல்லை அலுவலகங்கள் கணவன் என்றே பொருள்கொண்டன. தாயின் பெயரில் உறுதியிருந்த வீடு கடலோடு போக, ஈடாக வந்த வீடு தந்தையின் பெயருக்கு எழுதப்படும் நிலை உண்டாயிற்று. மனைவியின் வளவுக்கு வெறுங்கையோடு வந்து சேர்ந்தவன், கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக வந்த வீட்டின் உரிமையாளனானான். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயும் பட்ரீசியா லோறன்சும் 2010இல் வெளியான கட்டுரையொன்றில் இதனை ஆராய்ந்துள்ளனர். பெற்றோர் பலர் நன்கொடை வீட்டைத் தம் முதுமைக்குரியதாகக் கருதாமல், மகளின் சீதனமாகவே எண்ணிப் பெற்றுக்கொண்டனர் என்பது அதிற் புலனாகும். வீட்டின் பின்புறம் பத்தி இறக்கி அடுப்பை வெளியே கொண்டுவந்தவர்களும் உளர். உள்ளே இருந்த குசினி, மகளுக்கும் மருமகனுக்கும் படுக்கையறையாயிற்று.