கார்த்திகை மங்கிய ஆண்டுகள்

பெருவிலும் பொலிவியாவிலும் அந்தீஸ் மலைக் கமக்காரர்கள் ஜூன் மாதக் கடுங்குளிரில், நள்ளிரவு தாண்டியதும் மலைமுகடுகளுக்கு ஏறுவார்கள். ஜூன் 24இல் வரும் சான் ஹுவான் திருநாளை ஒட்டிய சில நாட்கள் அவை. விடிவதற்குச் சற்று முன்னர் கிழக்கே ஒரு விண்மீன் கூட்டம் எழும். நாம் கார்த்திகை என்றும், சங்கப் புலவர்கள் அறுமீன் என்றும் சொன்ன அதே கூட்டம்தான். கெச்சுவா மொழியில் அதன் பெயருக்குக் களஞ்சியம் என்று பொருள். அது பெரிதாகவும் ஒளியுடனும் தெரிந்தால் மழை நேரத்துக்கு வரும், விளைச்சல் நன்றாக இருக்கும். மங்கித் தெரிந்தால் மழை பிந்தும், அளவும் குறையும். அந்த ஆண்டுகளில் உருளைக்கிழங்கு நடுகையைச் சில வாரங்கள் தள்ளிப்போடுவார்கள். உருளைக்கிழங்கின் வேர் ஆழம் போகாதது. நட்ட காலத்தில் மழை பொய்த்தால் பயிர் தாங்காது.

இந்த வழக்கம் குறைந்தது 400 ஆண்டுகள் பழையது. அங்கே போய்வந்த ஆய்வாளர்கள் முன்னரும் இதை எழுதிவைத்திருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் சடங்கு, நம்பிக்கை என்ற தலைப்புகளின் கீழேயே அது கிடந்தது. கமக்காரர் சொல்வது உண்மைதானா என்ற எளிய கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு மானிடவியலாளரும் இரண்டு காலநிலை விஞ்ஞானிகளும் ஒன்றாக உட்கார வேண்டியிருந்தது. பென் ஓர்லோவ், ஜோன் சியாங், மார்க் கேன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை 2000 ஜனவரியில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானது.

அந்த மூவரும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்ததன் பின்னால் ஒரு துறையின் நீண்ட வரலாறு இருக்கிறது. சூழல் மானிடவியல் என்று இன்று பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கப்படும் துறை அது.

அமெரிக்க மானிடவியலின் தந்தை எனப்படும் பிரான்ஸ் போவாஸ் தொடக்கத்தில் மானிடவியலாளரே அல்லர். 1881இல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற கலாநிதிப் பட்டம் பௌதிகவியலில், நீரின் நிறம் பற்றியது. 1883இல் கனடாவின் வடக்கே பஃபின் தீவுக்கு அவர் போனது புவியியல் ஆய்வுக்காக. பனியையும் கரையோரத்தையும் அங்குள்ள இனுயிட் மக்கள் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள், அதைக் கையால் எப்படி வரைபடமாக்கினார்கள் என்பதை அங்கே கண்டார். நிலத்தை ஆராயப் போனவர் மனிதரை ஆராய்பவராகத் திரும்பினார். பின்னர் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறையைக் கட்டியெழுப்பினார்.

அதே கொலம்பியாவுக்கு 1959இல், 33 வயதில், ரோய் ரப்பபோர்ட் மாணவராக வந்து சேர்ந்தார். அதுவரை மசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு விடுதியை நடத்திக்கொண்டிருந்தவர். 1962இல் நியூகினித் தீவின் மலைப்பகுதிக்குப் போய், ஏறத்தாழ 200 பேர் கொண்ட செம்பாகா மாரிங் சமூகத்துடன் ஓராண்டுக்கு மேல் தங்கினார். தோட்டத்திலிருந்து வந்த கிழங்குகளை நிறுத்தார், உணவின் சக்தியைக் கணக்கிட்டார், பன்றிகளை எண்ணினார். மூதாதையருக்குப் பன்றிகளைப் பலியிடும் பெருஞ்சடங்கு பன்றிகளின் தொகையையும் நிலத்தின் மீதான பாரத்தையும் போரின் கால இடைவெளியையும் ஒழுங்குபடுத்துகிறது என்று 1968இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். கண்டனங்கள் குவிந்தன. சமூகம் ஒன்றை வெப்பநிலையைச் சீராக்கும் கருவிபோலக் காட்டிவிட்டார் என்றார்கள். 1984இல் வந்த விரிவான பதிப்பில் அவர் எல்லோருக்கும் நீண்ட பதில் எழுதினார். அவருடைய முடிவுகள் எவ்வளவு தூரம் நிற்கின்றன என்பது வேறு விடயம். சடங்கைப் பற்றிப் பேசும்போதும் தராசை எடுத்துப் பார்க்கலாம் என்ற வழக்கம் அவரோடு இத்துறையில் ஊன்றியது.

வளிமண்டலத்தை மானிடவியலின் வாசலுக்குக் கொண்டுவந்தவர் போவாஸின் மாணவியான மாக்ரட் மீட். 1975 ஒக்டோபரில், காலநிலை விஞ்ஞானி வில்லியம் கெலோக்குடன் சேர்ந்து நோர்த் கரோலினாவில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். மனிதர் வளிமண்டலத்தை மாற்றுகிறார்கள் என்றால் உலகச் சமூகம் என்ன செய்ய வேண்டும் என்பதே அங்கே எழுந்த கேள்வி. அப்போது அவருக்கு வயது 73. மூன்று ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். அடுத்த இருபது ஆண்டுகளில் அவர் காட்டிய வழியில் நடந்த மானிடவியலாளர்கள் மிகச் சிலரே.

அந்தச் சிலரில் ஒருவர் ஓர்லோவ். பெருவின் மலைகளில் 1970களிலிருந்து வேலை செய்தவர். கமக்காரர் எதைப் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள், பார்த்த பின் என்ன செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். கேன், 1986இல் கணினி மாதிரியைக் கொண்டு எல் நினோவை முன்கூட்டியே கணித்த இருவரில் ஒருவர். மூவரும் செய்மதித் தரவுகளைப் புரட்டினார்கள். விடை ஒழுங்காக வந்தது. எல் நினோ ஆண்டுகளில், ஜூன் மாதத்தில், அந்தீஸுக்கு மேலே மிக உயரத்தில் மெல்லிய முகில்கள் கூடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியவை, ஆனால் விண்மீனின் ஒளியை மங்கவைக்கப் போதுமானவை. அதே எல் நினோ, சில மாதங்கள் கழித்து ஒக்டோபரில் தொடங்கும் மழைக்காலத்தை அந்த மலைகளில் வறளச் செய்கிறது. கமக்காரர்கள் முகில்களைக் காணவில்லை; எல் நினோ என்ற சொல்லும் அந்தக் கணிப்புக்குத் தேவைப்படவில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையிலான தொடர்பைப் பிடித்துவைத்திருந்தார்கள்.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று நம் கைபேசிகளில் தினமும் வந்து விழும் செய்திகளுக்கு இந்தக் கதையும் தீனியாகிவிடக் கூடும். இந்த ஆய்வின் பெறுமதி அதில் இல்லை. அது தோற்றுப்போயிருக்கவும் கூடும் என்பதிலேயே இருக்கிறது. செய்மதித் தரவு வேறு விதமாக வந்திருந்தால், அந்த வழக்கம் அழகான ஒரு நம்பிக்கை என்று மட்டும் எழுதியிருப்பார்கள். கேலி செய்யாமலும் கும்பிடாமலும் ஒரு கமக்காரரின் சொல்லைச் சோதித்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யக்கூடிய உண்மையான மரியாதை. அதே வேளை, கட்டுரையின் தலைப்பில் மூன்று பெயர்கள்தான் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. 400 ஆண்டுகள் குளிரில் ஏறி நின்றவர்களின் பெயர் ஒன்றுகூட ஆசிரியர் வரிசையில் இல்லை. அறிவு யாருடையது, அதனால் வரும் பேரும் பதவியும் யாருக்கு என்ற கேள்வி இத்துறையை இன்னும் விடவில்லை.

அந்தக் கேள்விக்குச் சற்று வேறு விதமாகப் பதில் தேடியவர் சூசன் க்ரேட். சைபீரியாவின் வில்யுய் ஆற்றங்கரையில், மாடும் குதிரையும் வளர்க்கும் சாகா மக்களிடம் 1990களின் தொடக்கத்திலிருந்து போய்வந்தவர். அவர்களின் கதையில் மாரிகாலம் ஓர் எருது. வடசமுத்திரத்திலிருந்து வந்து குளிரைப் பிடித்து நிற்கும். குளிர் தணியத் தணிய ஒவ்வொரு கொம்பாக உதிரும். அந்த எருது இப்போது வருவதில்லை என்று முதியவர்கள் அவரிடம் சொன்னார்கள். அவர் வேறொரு ஆய்வுக்காகவே போயிருந்தார். இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு தமது வழியைக் காலநிலைப் பக்கம் திருப்பினார். பின்னர் யாகுட்ஸ்க் நகரைச் சேர்ந்த உறைநில விஞ்ஞானி அலெக்சாண்டர் ஃபெடரோவுடன் கிராமங்களுக்குத் திரும்பிப் போனார். கிராமத்தவர் தாம் கண்டதைச் சொன்னார்கள். உறைநிலம் ஏன் உருகுகிறது, புல்வெளிகளில் ஏன் நீர் நிற்கிறது என்று விஞ்ஞானி தாம் அளந்ததைச் சொன்னார். 2009இல் மார்க் நட்டலுடன் சேர்ந்து க்ரேட் தொகுத்த நூல், மானிடவியலும் காலநிலை மாற்றமும் சந்திக்கும் களத்துக்கு ஓர் அடையாளத்தைக் கொடுத்தது. 2015இல் அமெரிக்க மானிடவியல் சங்கமும் காலநிலை மாற்றம் குறித்துத் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. மீட்டின் மாநாட்டிலிருந்து 40 ஆண்டுகள்.

இந்தப் பாதையில் கால்வைக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு அதன் கடினத்தையும் சொல்லிவிட வேண்டும். களத்துக்குப் போகுமுன் மொழி படிக்க வேண்டும். களத்தில் ஓராண்டாவது இருக்க வேண்டும். திரும்பி வந்து எழுதப் பல ஆண்டுகள் பிடிக்கும். நிரந்தரப் பதவிகள் குறைவு. ஓர்லோவும் க்ரேட்டும் நெடுங்காலம் பணியாற்றியது மானிடவியல் துறைகளில் அல்ல, சூழல் விஞ்ஞானத்துக்கும் கொள்கைக்குமான துறைகளில். இரண்டு துறைகளின் பேச்சையும் விளங்கிக்கொள்பவருக்கே அங்கே இடம். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் இன்னொன்றுமாக வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்த இடைநிலை புதிதல்ல. மருத்துவமும் பொறியியலும் போல இதையும் ஒரு படிப்பாக நம் வீடுகளில் பேசத் தொடங்கலாம்.

செய்ய வேண்டிய வேலையும் நிறைய இருக்கிறது. அந்தீஸின் அடையாளம் இயங்குவது எல் நினோ, உயர்ந்த முகில், மலை மழை ஆகிய மூன்றும் பழையபடி இணைந்திருக்கும் வரைதான். பூமி சூடாகும்போது அந்த இணைப்பு தளர்ந்தால், விண்மீன் ஒன்றைச் சொல்லும், மழை வேறொன்றைச் செய்யும். அதை முதலில் உணரப்போவது மலைமுகட்டில் நிற்பவர். நட்ட கிழங்கு அழுகினாலும் காய்ந்தாலும் நட்டம் அவருக்குத்தான். அவர் சொல்வதைக் கேட்டு, தரவோடு ஒத்துப்பார்த்து, விடையை அவருடைய மொழியிலேயே திருப்பிச் சொல்ல ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.