இரண்டாம் அணியும் ஏணிப்படியும்

கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவோர் கோப்பை வென்றவர்களைப் பற்றியே எழுதுவர். அதே சட்டையை அணிந்து, வேறொரு மைதானத்தில், பார்ப்பார் இன்றி ஆடிக்கொண்டிருக்கும் இரண்டாம் அணியைப் பற்றி எழுதுவார் இலர். இவ்வாண்டு மலரில் அவ்விரண்டாம் அணியைக் குறித்துச் சில சொல்ல விரும்புகின்றோம். நாம் ஆட்டக்காரரும் அல்லோம். சரித்திர ஆசிரியரும் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு நின்று ரயில்வே குமாஸ்தாவானவர். ஆயினும் இப்பொருளில் பேச நமக்குச் சிறிது பாத்தியதை உண்டு. ரயில்வேயில் 'லீவ் ரிசர்வ்' என்றொரு வேலை இருப்பதை இக்காலனியினர் நன்கு அறிவர். விடுப்பில் சென்றவரின் நாற்காலியில் அமர்வதும், அவர் திரும்பியதும் எழுந்து வேறிடம் செல்வதுமே அவ்வேலை. அதில் நாம் ஏழாண்டுகள் கழித்தோம்.

சென்ற ஆடி மாதம் நம் காலனிப் பிள்ளைகளின் இரண்டாம் அணி, லீக் ஆட்டமொன்றிற்காக வெளியூர் சென்றது. துணைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டுமென்றனர், நாம் சென்றோம். புளியோதரைப் பொட்டலங்களும் தண்ணீர்ப் பானையும் கொண்டுபோனோம். மழை பெய்து சேறான மைதானம்; அயலூர்க் கூட்டம். இடைவேளைக்குப் பின் ஒரு கோல் வாங்கி, அதைத் திருப்பித் தர இயலாமலே பிள்ளைகள் தோற்றனர். திரும்பும் பாசஞ்சர் வண்டியில், சேறு காயாத காலோடு நம் அருகில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன் கேட்டான்: "ஏன் மாமா, நாங்க எல்லா மேட்சும் ஜெயிச்சாலும் மேல் டிவிஷனுக்குப் போக முடியாதாமே? நெஜமா?"

நிஜந்தான். முதல் அணி மேல் டிவிஷனில் ஆடுகையில், அதே மன்றத்தின் இரண்டாம் அணி அங்கே ஏற முடியாது. வண்டியின் இரைச்சலில் அவனுக்கு அரைகுறையாகவே விடை கூறினோம். முழு விடை கல்கத்தா மைதானத்தின் சரித்திரத்தில் இருக்கின்றது. அதனையே இங்கு எழுதுகின்றோம்.

கல்கத்தா லீக் 1898ஆம் ஆண்டில் தொடங்கியது. முதலாண்டில் வாகை சூடியது குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட் என்னும் வெள்ளையர் பட்டாளம். அக்காலத்து லீக், பட்டாளங்களுக்கும் ஐரோப்பியர் மன்றங்களுக்கும் உரியதாகவே இருந்தது. மோகன் பகான் 1889லும் ஆரியன் மன்றம் அதற்கும் முன்னர் 1884லும் தோன்றியவை. ஆயினும் லீக்கின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை.

1911 ஜூலை 29ஆம் நாள் நிகழ்ந்ததை வங்காளத்தில் வாழும் நம் பிள்ளைகளும் அறிவர். ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் மோகன் பகான், கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்டை 2–1 என்ற கணக்கில் வென்றது. முதலில் கோல் வாங்கிப் பின்தங்கிய நிலையில், தலைவர் சிவதாஸ் பாதுரி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்; அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். பதினொருவரில் பூட்ஸ் அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. ஏனைய பதின்மரும் வெறுங்காலர். அவ்வாட்டத்திற்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன என்பதை ரயில்வேக்காரராகிய நாம் பெருமையோடு நினைவுகூரலாம்.

இத்துணைப் புகழ் பெற்ற பின்னரும் அவர்கள் லீக்கில் நுழைய மூன்றாண்டுகள் காத்திருந்தனர் என்பதைப் பலர் அறியார். 1914ல்தான் மோகன் பகானுக்கு இரண்டாம் டிவிஷனில் இடம் கிடைத்தது. 1915ல் முதல் டிவிஷனுக்கு ஏறினர். நாடே வியந்த வீரர்களும் இரண்டாம் வரிசையில் நின்றே மேலேற வேண்டியிருந்தது.

அக்காலத்து இரண்டாம் டிவிஷனில் பட்டாளங்களின் 'பி' அணிகளும் ஆடின. மேல் அணியில் இடம் பெறாதவர்கள் ஆடும் அணியே 'பி' அணி. மைதானத்தில் ஒரு மன்றத்தின் கூடாரத்திலிருந்து மற்றொன்றின் வேலிக்குச் செல்வது சில நிமிட நடைதான். ஆயினும் வெறுங்காலோடு அவ்வேலியைத் தாண்டிப் பட்டாளத்தாரின் ஆடுகளத்தில் இறங்குவது, அந்நாளில் கடல் கடந்து அந்நிய நாடு சென்றதை ஒக்கும்.

இனி, 1920ஆம் ஆண்டிற்கு வருவோம். ஜூலை 28ஆம் நாள், ஜோராபகான் மன்றம் மோகன் பகானை எதிர்த்து ஆடவிருந்தது. சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரர் அன்றைய பதினொருவரில் சேர்க்கப்படவில்லை. அம்மன்றத்தின் உபதலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி அவருக்காக வாதாடினார், பயனில்லை. மனம் நொந்து மன்றத்தை விட்டு விலகினார். ஆகஸ்டு 1ஆம் நாள் ஈஸ்ட் பெங்கால் மன்றம் பிறந்தது. ஆடுவோர் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டதிலிருந்து ஒரு பெரிய மன்றமே தோன்றியது.

1921ல் இரண்டாம் டிவிஷனில் சேர்ந்த ஈஸ்ட் பெங்கால், 1924ல் கேமரூன்ஸ் 'பி' என்னும் பட்டாள அணியோடு இணைந்து முதலிடம் பெற்றது. கேமரூன்ஸ் பட்டாளத்தின் முதல் அணி முன்னரே மேல் டிவிஷனில் இருந்தமையால் 'பி' அணி ஏற முடியாது. ஆகவே ஈஸ்ட் பெங்காலே ஏற வேண்டும். ஆனால் மற்றொரு விதி குறுக்கே நின்றது. முதல் டிவிஷனில் இந்தியர் மன்றங்கள் இரண்டிற்கு மேல் இருத்தல் கூடாது என்பதே அவ்விதி. அவ்விரண்டு இடங்களிலும் மோகன் பகானும் ஆரியனும் இருந்தன.

இவ்விரண்டு விதிகளையும் அருகருகே வைத்து வாசகர் சிந்திக்க வேண்டுகின்றோம். முதல் விதிக்கு நியாயம் உண்டு. ஒரே வீட்டின் இரண்டு அணிகள் ஒரே டிவிஷனில் ஆடினால், தம்பி அண்ணனுக்குப் புள்ளிகளை விட்டுக்கொடுக்கலாம், ஏனையோர் நட்டமடைவர். அவ்விதி பட்டாளத்தையும் மன்றத்தையும் ஒன்றுபோலவே கட்டியது. இரண்டாவது விதியோ, "நீ எப்படி ஆடினாய்?" என்று கேட்கவில்லை, "நீ யார்?" என்று கேட்டது. ஏணி ஒன்றுதான், ஆனால் ஏறுவோரின் முகம் பார்த்துப் படிகள் எண்ணப்பட்டன. வாதப் பிரதிவாதங்களுக்குப் பின் அவ்விதி நீங்கியது. ஈஸ்ட் பெங்கால் 1925ல் மேல் டிவிஷனில் அடியெடுத்து வைத்தது. அவ்வாண்டு மே 28ஆம் நாள், நேபாள சக்கரவர்த்தி போட்ட ஒரே கோலால் மோகன் பகானையும் வென்றது.

கதவு திறந்ததன் பயன் விரைவிலேயே விளங்கிற்று. 1934ல் மேல் டிவிஷனுக்கு வந்த முகமதன் ஸ்போர்ட்டிங், வந்த ஆண்டிலேயே வாகை சூடி, 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அதனைக் காத்தது. லீக்கை வென்ற முதல் இந்தியர் மன்றம் அதுவே. பின்னர், தென்னாட்டினர் ஐவர் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் நின்று 'பஞ்ச பாண்டவர்' எனப் புகழ்பெற்றனர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் அவ்வைவரும் பிழைப்புத் தேடி வங்கம் வந்த நம் முன்னோர் போலவே அயல் மண்ணில் பெயர் நாட்டியவர்கள். 1958ல் நம் கிழக்கு ரயில்வே அணி, பி. கே. பானர்ஜி முதலியோரின் ஆட்டத்தால், மூன்று பெரிய மன்றங்களையும் பின்தள்ளி லீக்கை வென்றது. அம்மூன்றும் அல்லாத ஓர் அணி மீண்டும் அதை வெல்ல 2019 வரை, அறுபத்தோர் ஆண்டுகள், ஆயின.

காலத்தின் விந்தையைப் பாருங்கள்! அண்மை ஆண்டுகளில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் தம் முதல் அணியை இந்தியன் சூப்பர் லீக்கிற்கு அனுப்பிவிட்டு, கல்கத்தா லீக்கில் பெரும்பாலும் இளைஞரையும் இரண்டாம் அணியினரையுமே இறக்குகின்றன. எந்த லீக்கில் நுழைய அன்று தவம் கிடந்தார்களோ, அந்த லீக் இன்று இரண்டாம் அணியினரின் பயிற்சிக் கூடமாயிற்று.

இவற்றையெல்லாம் அச்சிறுவனுக்குப் பின்னொரு மாலை பொறுமையாகக் கூறினோம். "தம்பி, உன் அணி மேலே போக முடியாது, ஆனால் நீ போகலாம். உன்னைத் தடுப்பது அனைவருக்கும் பொதுவான விதியா, உனக்கென்றே செய்த விதியா என்று மட்டும் பார். பொது விதியானால் பொறுத்து ஆடு. உனக்கென்றே செய்த விதியானால், தயங்காமல் கேள்" என்றோம். அவன் சிறிது யோசித்து, "அடுத்த மேட்சுக்கும் வருவீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

அக்கேள்வியை நம் சங்கத்துப் பெற்றோர் அனைவரின் முன்னும் வைக்கின்றோம். முதல் அணி ஆடும் நாளில் காலனியே திரண்டு செல்கின்றது. இரண்டாம் அணி ஆடும் நாளில் கோட்டோரத்தில் குடையும் இல்லை, ஆளும் இல்லை. வரும் பருவத்தில் ஓர் ஆட்டத்திற்கேனும் வாருங்கள். வண்டி நேரத்தை நாம் பார்த்துச் சொல்கின்றோம்.