மிட்ஸ்ராயிம்: நாடும் நெருக்கடியும்

எகிப்து என்று நாம் எழுதும் பெயர் கிரேக்கர் வழியாக வந்தது. மெம்ஃபிஸ் நகரில் இருந்த ப்தா கடவுளின் கோயிலுக்கு 'ஹுத்-கா-ப்தா' என்று பெயர். கிரேக்கர் வாயில் அது 'ஐகுப்தோஸ்' ஆயிற்று. அந்நாட்டு மக்களோ தங்கள் நிலத்தைக் 'கெமெத்' என்றார்கள், கருமண் நாடு. எபிரேய வேதத்தில் இரண்டுமே இல்லை. அங்கே அதன் பெயர் 'மிட்ஸ்ராயிம்'. இதற்கு உறவான பெயர் கி.மு. 14ஆம் நூற்றாண்டின் அமர்னா களிமண் கடிதங்களிலேயே வருகிறது. இன்று அரபியில் 'மிஸ்ர்'. எல்லை என்ற பொருளோடு அறிஞர்கள் இதை இணைக்கிறார்கள்.

எபிரேயத்தைப் பழங்காலத்தில் உயிர்க்குறி இல்லாமல் எழுதினார்கள். 'மிட்ஸ்ராயிம்' என்ற சொல்லின் அதே எழுத்துகளை 'மெட்சாரிம்' என்றும் வாசிக்கலாம்: இடுக்குகள், நெருக்கங்கள். 118ஆம் சங்கீதத்தில் பாடுகிறவர் கடவுளைக் கூப்பிடுவது இந்த 'மேட்சார்' என்னும் நெருக்கத்திலிருந்துதான். இதைப் பிடித்துக்கொண்ட, ஹசிதியம் என்னும் யூத ஆன்மிக இயக்கத்தின் ஆசான்கள், எகிப்து ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருக்கும் ஒடுங்கிய இடம் என்றார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே, கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்திலேயே வாழ்ந்த யூதத் தத்துவ அறிஞர் அலெக்சாந்திரியா ஃபிலோ அந்நாட்டை உடலின், இச்சைகளின் குறியீடாகப் படித்திருந்தார். எகிப்தைவிட்டுத் தானே புறப்பட்டதாக ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் எண்ண வேண்டும் என்பது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் விதி. 1796இல் அச்சான 'தான்யா' என்னும் ஹசிதிய நூல் அதை ஒவ்வொரு நாளுக்கும் உரியதாக்கியது.

இந்த உள்முக வாசிப்பு சொல்லின் பிறப்பு வரலாறு ஆகாது. எழுத்தொப்புமையில் எழுந்த தியானம். ஆனால் வலிந்து புகுத்திய பொருள் என்று இதைத் தள்ள என்னால் முடியவில்லை. யாத்திராகமம் ஆறாம் அதிகாரத்தில் மோசே விடுதலைச் செய்தியோடு வருகிறார், எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேல் மக்கள் செவிகொடுக்கவில்லை. கொடிய வேலை ஒரு காரணம். மற்றொன்றை எபிரேய மூலநூல் 'கோட்சேர் ரூவாஹ்' என்கிறது: மூச்சுக் குறுக்கம், உள்ளம் சுருங்கிப்போன நிலை. நல்ல சொல்லை உள்ளே வாங்கவும் அவர்களிடம் இடமில்லை. வெளியேறிய பிறகும் பாலைநிலத்தில் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள். பார்வோனின் நாட்டைக் கடந்தாயிற்று. நெஞ்சுக்குள் சுருங்கிக் கிடந்ததைக் கடக்கவில்லை. உள்முக வாசிப்புக்கு இடம் தருவது வேதத்தின் கதைப்போக்கேதான்.

ஆனாலும் பார்வோன் அவர்களுக்கு வைக்கோல் தர மறுத்துவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வாங்கிய கொடுமையை மறந்துவிட்டு உள்ளத்தின் விடுதலையை மட்டும் பேசுவது வெறும் பேச்சு. முதுகு வலித்தவர்களின் கதை என்பதால்தான் அது மனத்தையும் தொடுகிறது.

குறியீட்டை ஒரு மக்களினத்தின் மீது வசையாகத் திருப்பவும் கூடாது. எகிப்தியனை அருவருக்காதே, அவன் நாட்டில் நீ அந்நியனாய் இருந்தாயே என்று உபாகமம் 23ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. மிட்ஸ்ராயிமை உள்முகமாகப் படிக்கிறவர்கள் அந்த வசனத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.